கிரேன் திரும்பிப் பார்க்கிற நேரம்

என் வீட்டுக்காரர் கிரேன் ஓட்டுகிறவர். ரோட்டில் உருண்டு போகிற கிரேன் இல்லை. புதுக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலை ஊன்றி, ஒரு கையை மட்டும் நீட்டிக்கொண்டு வானத்தில் நிற்குமே, அந்தக் கிரேன். அதன் உச்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும், கேபின் என்பார்கள். அதற்குள் உட்கார்ந்து, பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத இரும்புக் கட்டுகளை விரல் நுனியால் தூக்கி, வைக்கச் சொன்ன இடத்தில் பூ மாதிரி வைப்பார். அவ்வளவு பெரிய வேலை பார்க்கிற மனுஷன், வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். எதைக் கேட்டாலும் ‘ம்’. சாப்பாடு நன்றாக இருந்தாலும் ‘ம்’, உப்பே போடாவிட்டாலும் ‘ம்’. கல்யாணமான புதிதில் இந்த ‘ம்’முக்கு எத்தனை அர்த்தம் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, ஒன்றுகூட இல்லை.

வேலையிடத்தில் வாக்கிடாக்கி இருக்கிறது. கீழே நிற்கிற சிக்னல் ஆள் ‘தூக்கு’ என்றால் இவர் ‘தூக்கறேன்’ என்று திருப்பிச் சொல்லவேண்டும். ‘நிறுத்து’ என்றால் ‘நிறுத்தறேன்’. சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்ப்பதற்காக அப்படி ஒரு முறை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. “வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க” என்றால் “சோப்பு, வாங்கிட்டு வரேன்” என்பார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. இன்னொரு கிறுக்கும் உண்டு. தலைக்கு மேலே எது தொங்கினாலும் அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது. பரணிலிருந்து நான் ஒரு பெட்டியை இறக்கினால் போதும், வீடே அதிர “கீழ நிக்காத!” என்று கத்துவார். எங்கள் மகள் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து படித்தால்கூட, அவளை நாற்காலியோடு இழுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார்.

நான் வீட்டிலேயே துணி தேய்த்துக் கொடுக்கிறேன். எங்களுடையது கடைசி மாடி, இரண்டு அறை. முன்னறை முழுக்க மற்றவர்களின் சட்டைகள். மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள், இவர் வேலைக்குப் போய்விடுவார், நானும் இஸ்திரிப் பெட்டியும் மட்டும். மத்தியானம் அறை அடுப்பாகிவிடும். பெட்டியை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு வருவேன்.

ஊரிலேயே உயரமான கட்டடம் ஒன்று கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்து, அந்தக் கிரேனை ஓட்ட இவரைப் போட்டார்கள். கிரேனை நிறுத்திய அன்று சாயங்காலம் இவரே என்னை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தூரத்தில் கூரைகளுக்கு மேலே மஞ்சளாக ஒரு கோடு, அதன் மேல் இன்னொரு கோடு.

“இனிமே அங்கதான்,” என்றார்.

“அப்ப மத்தியானம் நான் இங்க வந்து கை ஆட்டறேன். பாப்பீங்களா?”

“ம்.”

மறுநாள் மத்தியானம் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனேன். கிரேனின் கை வேறெங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. பைத்தியக்காரி மாதிரி துண்டைச் சுழற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கை மெல்ல, மெல்ல, மெல்லத் திரும்பி நேரே எங்கள் வீட்டைப் பார்த்து நின்றது! எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினேன். வழியில் கண்ட கதவையெல்லாம் தட்டிச் சொன்னேன். சாயங்காலம் இனிப்பு செய்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இவர் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

“என்னைப் பாத்தீங்கதானே?”

இவர் இனிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ம்,” என்றார். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அன்றிலிருந்து அதுதான் என் மத்தியானம். வெயில் காலம் முழுக்க நான் துண்டை ஆட்டுவேன், கிரேன் திரும்பும். ஊமை மாதிரி வீட்டில் இருக்கிற மனுஷன் ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி அங்கிருந்து என்னைத் திரும்பிப் பார்க்கிறார்! எந்தப் புருஷன் செய்வான்? ஆனால் மழைக்காலம் வந்ததும் கதை மாறியது. நான் எவ்வளவு ஆட்டினாலும் கிரேன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். கைக்குப் பின்னால் எடைக்காகப் பெரிய கான்கிரீட் கட்டிகளை அடுக்கியிருப்பார்கள், அந்தக் கட்டிகள்தான் தெரியும். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். என்ன குற்றம் செய்தேன்? என் தம்பி வீட்டில் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டு வந்ததற்கா? சரி, நீங்கள் முதுகைக் காட்டினால் எனக்கும் முதுகு இருக்கிறது என்று நான் பேச்சை நிறுத்திவிட்டேன். தட்டை வைக்கிற சத்தத்திலேயே அவருக்குத் தெரியும்படி வைப்பேன். மழை விட்டதும் ஒரு நாள் கிரேன் பழையபடி என்னைப் பார்த்தது. நானும் பேச ஆரம்பித்தேன். ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து. ‘ஏன் பேசமாட்டேங்கற?’ என்று அவரும் கேட்டதில்லை, ‘ஏன் முதுகைக் காட்டுறீங்க?’ என்று நானும் கேட்டதில்லை. கேட்டால் என் மானம் என்ன ஆவது?

கட்டடம் முடிந்தது. உச்சியில் சுற்றிலும் கண்ணாடி போட்டு, ஊரைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு மாடம் வைத்தார்கள். அதே முதலாளி பக்கத்து மனையில் அடுத்த கட்டடத்தை ஆரம்பித்தார், இவரும் அங்கே புதுக் கிரேனில் ஏறினார். கிரேன் மாறினாலும் என் மத்தியானம் மாறவில்லை. மாடத்தைப் பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்னால், கட்டடத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் ஒரு நாள் வந்து பார்க்கலாம் என்று சீட்டுக் கொடுத்தார்கள். சீட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“நீங்க வரலையா?”

“வேலை இருக்கு. மேல போய் என்ன பாக்கப்போற? எல்லாம் கீழதான் இருக்கு.”

எங்கள் வீட்டுத் தத்துவஞானி இவர்.

அந்த நேரம் பார்த்து என் நாத்தனார், இவருடைய அக்கா, வெளியூரிலிருந்து வந்திருந்தார். சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையில் தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் கோணலா என்று பார்ப்பது. குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவர் என்றால் வீட்டில் எப்படி இருப்பார் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கிரேன் எனக்காகத் திரும்புகிற கதையை வருஷக்கணக்காகப் போனில் அவரிடம் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நாளும் நம்பியதில்லை.

“என் தம்பியா? உனக்கா? நான் அவனைத் தூக்கி வளத்தவ. பஸ் ஏறிப் போறப்ப ஒரு தடவையாவது திரும்பிக் கை காட்டியிருப்பானா? உன்னைப் பாத்துக் கிரேனைத் திருப்பறானாம்! யாருகிட்ட காது குத்தறே?”

“நாளைக்கு உங்க கண்ணாலயே பாருங்க அண்ணி. அவரு கேபினுக்கு நேர் மேல நாம நிப்போம். மத்தியானம் நான் கை ஆட்டறேன். திரும்பலைன்னா என் பேரை மாத்திக்கறேன்.”

“பாக்கலாம், பாக்கலாம்.”

இரவு இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். நாளை மொட்டைமாடியில் இருக்கமாட்டேன், மாடத்தில் இருப்பேன். வீட்டுப் பக்கம் திரும்பாதீங்க, எங்க பக்கம் திரும்புங்க. உங்க அக்கா முன்னால என் மானத்தைக் காப்பாத்துங்க. இவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அறைக்குள் வந்ததும் “ம்” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

மறுநாள் நான் உடுத்தியிருந்த சேலையை நானே இரண்டு தடவை தேய்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது கழுத்து சுளுக்கிக்கொண்டது. லிஃப்ட் கதவு மூடியது, அவ்வளவுதான் தெரியும். காது அடைத்தது. வயிறு கீழேயே தங்கிவிட்டது. சட்டையில் ஒரு நூல் பிசிறைக்கூட விடாத என் நாத்தனார் என் கையை எலும்பு நொறுங்குகிற மாதிரி பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

“வந்துட்டமா? சொல்லேன், வந்துட்டமா?”

“கண்ணைத் திறங்க அண்ணி.”

கதவு திறந்தது. ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! நாலு பக்கமும் ஆகாயம். தரை எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நான் ஓடினேன். இந்த வயதில், அத்தனை பேர் நடுவில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வரைக்கும் ஓடினேன். ஊர் அப்படியே விரித்த போர்வையாகக் கீழே கிடந்தது. பாலத்தின் மேல் ரயில் புழு மாதிரி நெளிந்துகொண்டு போனது. ஒரு மேகத்தின் நிழல் தெருத் தெருவாகக் கூரைகளின் மேல் ஏறி இறங்கிப் போவதைப் பார்த்தேன். அந்த நிழலுக்குள் இருக்கிறவர்களுக்கு, இது இப்போது அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

“இந்தத் தூணு, இந்தக் கம்பி, இந்தக் கண்ணாடி எல்லாத்தையும் தூக்கினது எங்க வீட்டுக்காரர்தான்,” என்று பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவிடம் சொன்னேன். அவர் தன் வீட்டுக்காரர்தான் இங்கே வயரிங் எல்லாம் செய்தவர் என்றார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு ராணிகள் மாதிரி நின்றோம். நாத்தனார் கண்ணாடியில் யாரோ விட்டுப்போன விரல் ரேகையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் முகத்திலும் காது வரைக்கும் சிரிப்பு.

புதுக் கட்டடம் எங்கள் காலடியில் இருந்தது. பாதிதான் எழும்பியிருந்தது. தூசி பறக்காமல் இருக்கச் சுற்றிலும் பச்சை வலை கட்டியிருந்தார்கள். அதன் நடுவிலிருந்து மஞ்சள் கிரேன், அதன் கை எங்கள் கட்டடத்தைத் தொடாத தூரத்தில். அதன் கேபினே எங்களுக்குக் கீழேதான்! வாழ்க்கையில் முதல் தடவையாக என் வீட்டுக்காரரின் தலைக்கு மேலே நிற்கிறேன். அவர் இரும்புக் கட்டுகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கனம், ஆடாமல் அசையாமல் போய் இறங்கியது. கிரேனுக்கு அப்பால் கூரைகள், கூரைகளுக்கு அப்பால் எங்கேயோ எங்கள் மொட்டைமாடி.

“தம்பி பரவாயில்லயே,” என்றார் நாத்தனார். ஒரு சட்டையைக்கூட அவர் இப்படிப் பாராட்டியிருக்கமாட்டார்.

மாடத்தில் ஓரமாகக் கால் வைத்த பெரிய தொலைநோக்கி ஒன்று இருந்தது. நாத்தனார் அதைக் கைப்பற்றிக்கொண்டார். நான் பையிலிருந்து துண்டை எடுத்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் பிடித்துக்கொண்டு தயாராக நின்றேன். கீழே சின்னச் சின்ன ஹெல்மெட்டுகள் எல்லாம் ஒரே திசையில் நகர ஆரம்பித்தன. சாப்பாட்டு நேரம். கிரேன் நின்றது. கொக்கி மேலே ஏறிக்கொண்டது. நான் துண்டைச் சுழற்ற ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. துண்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு அந்த நீளக் கை அசைந்தது.

“பாத்தீங்களா! திருப்பறாரு!” என்று கத்தியேவிட்டேன். ஆனால் கை எங்கள் பக்கம் வரவில்லை. அந்தப் பக்கம், எங்கள் வீட்டுப் பக்கம் போனது. “அடடா, பழக்கதோஷம்! நான் இன்னிக்கு இங்க இருக்கேன்னு மறந்துட்டாரு. வீட்டைப் பாத்துத் திருப்பறாரு பாருங்க அண்ணி.”

நாத்தனார் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரு திருப்பறது?” என்றார்.

“உங்க தம்பிதான்.”

“அவன் ஏணியில இருக்கான்.”

“என்னது?”

“ஏணியில இறங்கிட்டு இருக்கான்டி. ஆரஞ்சுப் பை, முதுகுல மாட்டியிருக்கான். நீ காலையில சாப்பாடு கட்டிக் குடுத்த பைதானே? பாதி தூரம் வந்துட்டான்.”

அவரைத் தள்ளிவிட்டு நான் பார்த்தேன். அந்தப் பை நான் தைத்தது. அந்த முதுகு எனக்குத் தெரியாத முதுகா? கேபினைப் பார்த்தேன். நாற்காலி காலி. கதவு மூடியிருந்தது. யாருமே இல்லாத கிரேன் தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது!

அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்.

“ஐயோ! கிரேன் தானா ஓடுது! யாராவது சொல்லுங்க! பிரேக் போயிடுச்சு! என் வீட்டுக்காரர் ஏணியில இருக்காரு!”

மாடமே திரும்பிப் பார்த்தது. வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதற்காக நிறுத்தியிருந்த பெண், சின்ன வயது, கழுத்தில் மைக் மாட்டியிருந்தாள், ஓடி வந்தாள். எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் பதற்றமே இல்லை.

“ஒண்ணும் கெட்டுப்போகலைம்மா. ஆள் இறங்கறப்ப திரும்பற பிரேக்கை விட்டுட்டுத்தான் இறங்குவாங்க. காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் அதுவே திரும்பிக்கும். பிடிச்சு நிறுத்தி வெச்சாத்தான் காத்துல ஆபத்து. எல்லாரும் இதைக் கேப்பாங்கன்னு எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் குடுத்தாங்க.”

மைக் திறந்திருந்தது. அவள் சொன்னது மாடம் முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

காற்று. எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் காதில் நின்றது. வெயில் காலத்தில் காற்று எங்கள் வீட்டுப் பக்கம் அடிக்கும். மழைக்காலத்தில் மாறி அடிக்கும். ஈரத் துணியைக் கொடியில் போடுகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் ஒரு நாளாவது யோசித்தேனா?

போனை எடுத்தேன். அவர் ஏணியைவிட்டு இறங்கி உட்காருகிற அளவு நேரம் விட்டுத்தான் கூப்பிட்டேன். உடனே எடுத்தார்.

“எங்க இருக்கீங்க?”

“கீழ. ஷெட்டுல. சாப்பிடறேன்.”

“மத்தியானம் மேலேயே சாப்பிடறது இல்லையா?”

“மேல கால் நீட்டக்கூட இடமில்ல. எப்பவும் கீழதான்.”

“அப்ப இத்தனை வருஷமா என்னைப் பாத்துத் திரும்பினது யாரு?”

அந்தப் பக்கம் டப்பா மூடியை வைக்கிற சத்தம் கேட்டது.

“காத்து,” என்றார்.

“அடப்பாவி மனுஷா! ஒரு வார்த்தை சொல்லலையே!”

“முதல் நாளே சொல்லலாம்னுதான் வந்தேன். நீ இனிப்பு செஞ்சு வெச்சுட்டு வாசல்ல நின்ன.”

“ரெண்டாம் நாள் சொல்றதுதானே?”

“முதல் நாளே ஏன் சொல்லலைன்னு கேட்டிருப்ப.”

கேட்டிருப்பேன். அதனால் இன்னும் கோபம் வந்தது. “மழை பெய்யறப்பெல்லாம் உங்ககூடப் பேசாம இருந்தேனே. ஏன்னு ஒரு நாளாவது யோசிச்சீங்களா?”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“காத்து மாறினா பேசாம இருப்ப. திரும்பவும் மாறினா பேசுவ. நேத்து ராத்திரி சொல்லிடலாம்னு பாத்தேன். அக்கா வந்துட்டா.”

போனை வைத்துவிட்டேன். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை, அதைக்கூட ரசிக்க முடியவில்லை. கூட்டத்தைவிட்டு மாடத்தின் அந்தப் பக்கம் போய் ஒரு தூண் ஓரமாக நின்றேன். சொல்வதற்கு என்ன வெட்கம்? அழுகை வந்தது. காலையிலிருந்து இருட்டுகிற வரைக்கும் ஊரார் சட்டையின் கழுத்தையும் கையையும் நீவிக்கொண்டு நிற்கிறவள் நான். என்னை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்க்கவேண்டும் என்று எழுதியா வைத்திருக்கிறது? ஆனால் மத்தியானம் ஒரு தடவை, அவ்வளவு உயரத்திலிருந்து ஒருத்தர் எனக்காகத் திரும்புகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில்தான் மிச்ச நாள் ஓடியது. அது வெறும் காற்று என்றால், நான் இத்தனை வருஷமாக யாருக்குத் துண்டை ஆட்டினேன்?

நாத்தனார் பின்னாலேயே வந்தார். இப்போது குத்திக் காட்டப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“அவன் ஒரு மண்ணாங்கட்டி,” என்றார். “நான்தான் வளத்தேன், என்னைத் திட்டு.”

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டிவிட்டுத் தொலைநோக்கிப் பக்கம் போனார். போன வேகத்திலேயே அவர் குரல் மாடத்தைக் கிழித்தது.

“ஏம்மா! இங்க வா! ஓடி வா! அவன் ஏறறான்!”

ஓடினேன். ஏணியில் ஒரு ஹெல்மெட் மேலே வந்துகொண்டிருந்தது. முதுகில் பை இல்லை.

“சோத்தைப் பாதியில போட்டுட்டு ஏறறான்! வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் தட்டைக் காலி பண்ணிட்டு எழுந்திருக்கிறவன்!”

கிரேன் ஏணி சும்மா இல்லை. ஒரு நாளைக்கு அதில் தேவைக்கு மேல் ஒரு தடவை ஏறுவதற்கு எந்த ஆப்பரேட்டரும் ஒத்துக்கொள்ளமாட்டார். நடுவில் நின்று மூச்சு வாங்குவதற்காகத் தட்டுத் தட்டாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தட்டிலும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “நில்லுங்க, மெதுவா, வழுக்கப் போகுது” என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் தவித்துக்கொண்டிருந்தேன். வயரிங்காரர் வீட்டம்மா வந்துவிட்டார். மைக் பெண் வந்துவிட்டாள். என்ன நடக்கிறது என்று நாத்தனார் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதில் பாதி அவரே சேர்த்தது.

கேபின் கதவு திறந்தது. உட்கார்ந்தார். என் போன் அடித்தது.

“எந்தப் பக்கம் நிக்கற?” மூச்சு இரைத்தது. “இங்கேருந்து உள்ள யாருமே தெரியல. கண்ணாடி முழுக்க வெயில். நீ சொன்னாத்தான் உண்டு.”

“உங்களுக்கு நேர் பின்னால. இந்தப் பக்கம் திருப்புங்க.”

“திருப்பறேன்.”

கை அசைந்தது. ஆகாயத்தில் ஒரு தெருவே பெயர்ந்து வருகிற மாதிரி வந்தது. பச்சை வலை மொத்தமும் எங்களுக்கு எதிர்ப்பக்கம் உப்பிக்கொண்டிருந்தது. கை காற்றுக்கு எதிராக எங்களை நோக்கி வந்தது. கீழே ஷெட்டிலிருந்து இரண்டு மூன்று ஹெல்மெட்டுகள் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தன.

“இன்னும் இடது,” என்றேன்.

“இன்னும் இடது.”

கை எங்களைவிட்டு விலகிப் போனது.

“ஐயோ, என் இடது இல்ல! உங்க இடது! இல்ல, உங்க வலது!”

“எதிர்ல நிக்கறவனுக்கு அவன் கையைச் சொல்லணும்டி!” என்று நாத்தனார் என் காதில் கத்தினார்.

“உங்க வலது பக்கம். மெதுவா.”

“என் வலது பக்கம், மெதுவா.”

வந்தது. தூண் தாண்டி, தொலைநோக்கி தாண்டி, அங்கிருந்த ஒவ்வொருத்தர் முன்னாலும் நகர்ந்து வந்தது. என் வாயிலிருந்து வருகிற வார்த்தைக்கு அவ்வளவு இரும்பும் நகர்கிறது. தட்டு வைக்கிற சத்தத்தில் கோபத்தைக் காட்டியவள் நான். ஒருவரோடொருவர் இப்படிச் சொல்லியும் கேட்டும் எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை.

“இன்னும் கொஞ்சம்.”

“இன்னும் கொஞ்சம்.”

“இன்னும் ஒரு துளி. நிறுத்துங்க!”

“நிறுத்தறேன்.”

நின்றது. நீளக் கையின் நுனி, அதன் பின்னால் கேபின், கேபினுக்குள் ஒரு ஹெல்மெட், எல்லாம் ஒரே கோட்டில் என்னை நோக்கி. காற்று தள்ளிக்கொண்டுதான் இருந்தது, வலை அடித்துக்கொண்டது. கை அசையவில்லை. அவர் பிடித்து வைத்திருந்தார்.

நான் துண்டை எங்கே போட்டேன் என்றே தெரியவில்லை.

“எனக்குக் கண்ணாடிதான் தெரியுது,” என்றார் அவர். “நீ சொல்லு. இப்ப நான் பாக்கறது உன்னைத்தானா?”

“ஆமாங்க,” என்றேன். “என்னைத்தான்.”